கொரில்லா பார்க்க வந்த சனம்

1865 ஜூனில் மெல்பேர்னில் ஒரு கொரில்லாக் குடும்பம் காட்சிக்கு வைக்கப்பட்டது. உயிரோடு அல்ல. பதப்படுத்திய தோலுக்குள் அடைப்புப் போட்டு நிறுத்திய உடல்கள். இடம், மெல்பேர்ன் பல்கலைக்கழக வளவுக்குள் அப்போது இருந்த விக்டோரியா தேசிய நூதனசாலை. கொரில்லா என்று ஒரு விலங்கு இருப்பதை ஐரோப்பிய விஞ்ஞானம் முறையாக எழுதி வைத்தே அப்போது 18 வருடம்தான் ஆகியிருந்தது. சனம் திரண்டு வந்து பார்த்தது.

அந்த உடல்களை வரவழைத்தவர் நூதனசாலையின் பணிப்பாளர் பிரெடெரிக் மக்கோய். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்து ஆறு வருடம் ஆகவில்லை. "மனிதனும் குரங்கும் உறவாம்" என்ற பேச்சு லண்டனிலிருந்து கப்பலேறி இங்கே வந்து சேர்ந்திருந்தது. அதை ஆதரிக்கத்தான் மக்கோய் கொரில்லாவை வைத்தார் என்று நினைப்பீர்கள். இல்லை, மறுக்கத்தான் வைத்தார். இந்த மிருகம் மனிதனிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைச் சனம் தன் கண்ணாலேயே பார்க்கட்டும், பார்த்தால் டார்வின் கதை தானே விழுந்துவிடும் என்பது அவர் கணக்கு. பத்திரிகையிலும் அப்படியே எழுதினார்.

மக்கோய் சாதாரண ஆள் அல்ல. பல்கலைக்கழகம் தொடங்கியபோது நியமிக்கப்பட்ட முதல் நான்கு பேராசிரியர்களில் ஒருவர். அயர்லாந்துக்காரர். பழைய உயிர்ச்சுவடுகளைப் பார்த்துப் பாறையின் காலத்தைச் சொல்வதில் கெட்டிக்காரர். அவருக்குத் துணையாக இன்னொரு பேராசிரியரும் இருந்தார்: ஜோர்ஜ் ஹல்ஃபோர்ட். அவுஸ்திரேலியாவின் முதல் மருத்துவக் கல்லூரியை மெல்பேர்னில் தொடங்க 1862 கடைசியில் வந்தவர். அடுத்த வருடமே குரங்கை அறுத்துப் பார்த்து, டார்வினின் நண்பர் ஹக்ஸ்லி சொல்வது பிழை என்று பொதுவில் விரிவுரை செய்தார். குரங்கின் பின்காலில் இருப்பது பாதம்தான் என்றார் ஹக்ஸ்லி. இல்லை, அது கை என்றார் ஹல்ஃபோர்ட். அவரை எதிர்த்து எழுதியவர் வில்லியம் தொம்சன், இதே ஊரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வைத்தியர். பேராசிரியர் பதவி எதுவும் அவருக்கு இல்லை. ஆனால் பாதம் பற்றிய வழக்கில் அவர் நின்ற பக்கம்தான் பிறகு நிலைத்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். 1869இல் மெல்பேர்னில் 'வரலாற்றுக்கு முந்திய மனிதன்' என்ற தலைப்பில் ஒருவர் பேசி ஊரைக் கலக்கினார். மனித இனம் வேதாகமக் கணக்கைவிட மிகப் பழையது என்பது அவர் வாதம். பேசியவர் மெல்பேர்ன் கிரமர் பாடசாலையின் தலைமை ஆசிரியர் ஜோன் புரோம்பி. அவர் ஓர் ஆங்கிலிக்கன் பாதிரியார். பதில் சொல்ல எழும்பியவர் அவருடைய சொந்த ஆயர், சார்ள்ஸ் பெரி.

ஆக, 1860களின் மெல்பேர்னில் பாதிரியார் ஒருவர் புதிய கருத்தின் பக்கம் நிற்கிறார், விஞ்ஞானப் பேராசிரியர்கள் இருவர் எதிர்ப் பக்கம் நிற்கிறார்கள். 'விஞ்ஞானம் ஒரு பக்கம், மதம் மறுபக்கம்' என்று நாங்கள் வாய்ப்பாடு மாதிரிப் படித்த கதைக்கு இது பொருந்தவே இல்லை. அப்போது உங்களுக்குப் பதினாறு வயது, "பேராசிரியர் சொன்னால் சரி" என்று நம்புகிற பிள்ளை நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். டார்வின் பிழை என்றுதான் வீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

பெரிய ஆள் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல் விட்டவர்களும் இங்கே இருந்தார்கள். ஆழத்துக்குப் போகப் போகப் பாறையில் தங்கம் குறைந்துவிடும் என்று இதே மக்கோய் தங்க வயல்காரருக்குச் சொன்னார். பெண்டிகோ பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோண்டினார்கள். தங்கம் வந்தது.

அப்படியானால் விஞ்ஞானிகளின் கருத்துக்கு என்ன மரியாதை? இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வயதில் பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: "அப்போதும் விஞ்ஞானிகள் பிழை விட்டார்கள்தானே, இப்போதும் அப்படி இருக்கலாம்தானே?"

அதற்குப் பிளட்டிபஸ் கதை உதவும். ஐரோப்பியர் முதலில் அதன் தோலைக் கண்டபோது யாரோ தாரா அலகைத் தைத்து ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். பிறகு வந்த கேள்வி, அது முட்டையிடுமா, குட்டி போடுமா? முட்டையிடும் என்று இந்த நாட்டின் ஆதிக்குடிகள் சொன்னார்கள். ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள், பார்த்தவர்கள், சொன்னார்கள். லண்டனில் ரிச்சர்ட் ஓவன் போன்ற பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பால் கொடுக்கும் பிராணி எப்படி முட்டையிடும்? இந்த இழுபறி பல பத்தாண்டுகள் நீடித்தது. கடைசியில் 1884இல் வில்லியம் கோல்ட்வெல் என்ற இளம் ஆய்வாளர் குயின்ஸ்லாந்தின் பேர்னட் ஆற்றில், ஆதிக்குடியினர் பலரை வேலைக்கு வைத்து, ஏராளமான விலங்குகளைக் கொன்று, முட்டையோடு ஒரு பிளட்டிபஸ்ஸைக் கண்டார். தந்தியில் செய்தி பறந்தது. விஞ்ஞானிகள் மாறினார்கள். பெருமை கோல்ட்வெலுக்குப் போனது. முதலே சொன்னவர்களுக்கு அது போகவில்லை. அது தனிக் கொடுமை.

ஆனாலும் கவனியுங்கள்: மாறினார்கள். மக்கோய் கடைசிவரை மாறவில்லை, 1899இல் இறந்தார். அதற்குள் அவரைச் சுற்றியிருந்த துறையே மாறிவிட்டது. 1887இல் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தின் முதல் உயிரியல் பேராசிரியராக வந்த போல்ட்வின் ஸ்பென்சர் டார்வின் வழியில் படித்தவர். மக்கோய்க்குப் பிறகு நூதனசாலைக்குப் பொறுப்பாளராக வந்தவரும் அவர்தான். டார்வினைத் தோற்கடிக்க வாங்கிய கொரில்லாக்கள், டார்வின்காரர் ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தன.

ஒரு பேராசிரியரின் கருத்து வேறு, விஞ்ஞான உலகின் கருத்து வேறு. இரண்டாவது, பாறைக்காரரும் கருவைப் படிப்பவரும் எலும்பை அளப்பவரும் (இப்போது மரபணுவை வாசிப்பவரும்) ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்வது. மனிதனுக்கு 23 சோடி நிறமூர்த்தங்கள், சிம்பன்சிக்கு 24. பொது மூதாதை இருந்தால் அந்த ஒரு சோடி எங்கே போனது? எங்கள் இரண்டாவது நிறமூர்த்தத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு பழைய நிறமூர்த்தங்கள் நுனியோடு நுனி ஒட்டிய தழும்பு நடுவில் இருக்கிறது. டார்வினுக்கு நிறமூர்த்தம் என்றால் என்னவென்றே தெரியாது.

அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் 2014இல் எடுத்த கணக்குப்படி, அந்நாட்டின் மிகப்பெரிய விஞ்ஞானச் சங்கத்தின் உறுப்பினர்களில் 98 சதவீதம் பேர் மனிதர் காலப்போக்கில் கூர்ப்படைந்து வந்தவர்கள் என்றார்கள். பொதுமக்களில் அப்படிச் சொன்னவர்கள் 65 சதவீதம். முன்பு 2006இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு 34 நாடுகளை ஒப்பிட்டது. ஐஸ்லாந்து, டென்மார்க், சுவீடன், பிரான்ஸ் ஆகியவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஏற்றார்கள். அமெரிக்கா கடைசிக்கு முதலிடம், அதற்கும் கீழே துருக்கி. சந்திரனில் ஆள் இறக்கிய நாடு இது. அறிவு குறைவு என்று சொல்லித் தப்ப முடியாது. "இதை ஏற்றால் என் ஆட்களில் ஒருவனாக நான் இருக்க முடியுமா?" என்ற பயம்தான் அங்கே பெரிது என்று நினைக்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவர் இரண்டாம் ஜோன் போல் 1996இலேயே கூர்ப்பு வெறும் ஊகம் அல்ல, அதற்கு மேல் என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்வதால் ஒரு கத்தோலிக்கப் பிள்ளை கோயிலை விட வேண்டியதில்லை. வேறு சில சபைகளில் விட வேண்டி வரும்.

இது அமெரிக்காக்காரரின் தலையிடி என்று நாங்கள் சிரிக்கவும் முடியாது. கென்டக்கி மாநிலத்தில் டைனோசரையும் மனிதரையும் ஒன்றாக நிறுத்தியிருக்கும் படைப்பு நூதனசாலையைக் கட்டிய கென் ஹாம், குயின்ஸ்லாந்தில் விஞ்ஞான ஆசிரியராக இருந்து 1987இல் அமெரிக்கா போனவர். எங்கள் ஏற்றுமதி! 2005 ஆகஸ்டில் அன்றைய கல்வி அமைச்சர் பிரென்டன் நெல்சன், பெற்றோர் விரும்பினால் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்தையும் பாடசாலையில் படிப்பிக்கலாம் என்ற மாதிரிக் கதைத்தார். ஒக்டோபரில் 70,000 விஞ்ஞானிகளையும் ஆசிரியர்களையும் பிரதிநிதித்துவப்படுத்திய அமைப்புகள் ஒரு திறந்த கடிதம் எழுதின. அது விஞ்ஞானம் அல்ல, விஞ்ஞான வகுப்பில் அதற்கு இடமில்லை என்றார்கள். இன்று நீங்கள் பத்தாம் வகுப்பில் இயற்கைத் தேர்வைப் படிக்கிறீர்கள்.

இயன் பிளைமர் என்ற புவிச்சரிதவியல் பேராசிரியரின் கதை இன்னும் வேடிக்கை. துருக்கியில் நோவாவின் பேழை கிடைத்துவிட்டது என்று விரிவுரை செய்துகொண்டிருந்த அலன் ரொபேர்ட்ஸ் என்பவருக்கு எதிராக அவர் சமஷ்டி நீதிமன்றம் போனார். 1997இல் தீர்ப்பு. ரொபேர்ட்ஸ் சொன்ன சில விடயங்கள் பிழையானவை என்று நீதிபதி கண்டார். ஆனால் அது வியாபாரமாகச் செய்தது அல்ல, அதனால் நுகர்வோர் சட்டம் அதைத் தொடாது என்று பிளைமரின் முக்கிய கோரிக்கையைத் தள்ளிவிட்டார். கூர்ப்பு பக்கத்தின் வீரர் என்று அப்போது பலர் பிளைமரைக் கொண்டாடினார்கள். அதே பிளைமர் 2009இல், மனிதரால் பூமி சூடாகவில்லை என்று புத்தகம் எழுதினார். அங்கே உலகின் காலநிலை விஞ்ஞானிகளுக்கு எதிர்ப் பக்கம் அவர். ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் இதுதான் நடக்கும். மக்கோய் தொடக்கம் இன்றுவரை.

கூர்ப்பை ஏற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் நல்லதுதான் செய்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்பென்சரை எடுங்கள். மத்திய அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர், 1912இல் வட பிரதேசத்தில் அவர்களுடைய 'தலைமைப் பாதுகாவலர்' பதவியும் வகித்தார். அவர் இருந்த ஊரின் பெயரே டார்வின். அவரும் அவர் காலத்தவரும் உயிர்களை ஓர் ஏணியாகப் பார்த்தார்கள்: கீழே குரங்கு, பிறகு 'கற்காலத்து' ஆதிக்குடி, உச்சியில் தாங்கள். கீழ்ப் படியில் நிற்பவர்கள் தானே அழிந்துபோவார்கள், அது இயற்கை, யாருடைய குற்றமும் இல்லை என்பது அந்த ஏணியோடு ஒட்டி வந்த நியாயம். பிள்ளைகளைத் தாயிடமிருந்து பறித்ததற்கும், 1901இன் குடிவரவுச் சட்டத்துக்கும் அந்த நினைப்பு வசதியாக இருந்தது. அந்தச் சட்டம் அப்படியே இருந்திருந்தால் ஸ்பிரிங்வேலில் ஒரு தமிழ்க் கடையும் இருந்திராது, ஒரு வியட்நாம் கடையும் இருந்திராது.

டார்வின் நூல் சொன்னது ஏணி அல்ல, கிளை விட்டுப் பரவும் மரம். ஆனால் பொதுசனம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது ஏணியைத்தான். குனிந்த குரங்கு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து மனிதனாக நடந்து போகிற வரிசைப் படம், ரீசேட்டில்கூட வருமே, அது 1965இல் ஒரு புத்தகத்துக்காக ருடொல்ஃப் சலிங்கர் வரைந்தது. அதைப் பார்த்துத் தலையாட்டுகிறவர் 'ஏற்கிறேன்' என்று கணக்கெடுப்பில் சொல்வார். எதை ஏற்றார்?

தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் பலர் 'பரிணாம வளர்ச்சி' என்கிறார்கள். அந்த 'வளர்ச்சி' என்ற சொல்லே ஏணியைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. குகைக்குள் வாழ்ந்து கண் பார்வை இழந்த மீனுக்கு என்ன வளர்ச்சி? அதுவும் கூர்ப்புத்தான். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் 'கூர்ப்பு' என்பார்கள். என் அம்மாவின் உயர்தர உயிரியல் கொப்பியில் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் நான் படித்தேன். தொல்காப்பியத்தில் இருக்கும் பழைய சொல், உள்ளது மிகுவது என்ற பொருளில். புதிய வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும், சின்னதாக இருப்பதால்.

"குரங்கிலிருந்து மனிதன் வந்தால் ஏன் இன்னும் குரங்குகள் இருக்கின்றன?" இந்தக் கேள்வியை நீங்கள் எப்படியும் கேட்டிருப்பீர்கள், பிறந்தநாள் விழாவில் யாராவது ஒரு மாமா கேட்பார். எங்களைப்போலச் சிதறிய குடும்பத்துக்கு இதை விளக்குவது சுகம். எனக்கு ரொறன்ரோவில் ஒரு மச்சாள் இருக்கிறாள். நான் அவளிலிருந்து வரவில்லை, அவளும் என்னிலிருந்து வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அம்மம்மா. நான் மெல்பேர்னில் இருப்பதால் அவள் ரொறன்ரோவில் இல்லாமல் போக வேண்டியதில்லை. சிம்பன்சிக்கும் எங்களுக்கும் அப்படி ஒரு அம்மம்மா 60, 70 லட்சம் வருடங்களுக்கு முன் இருந்தாள். கொரில்லாவோடு உறவு தேட இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட என்று எண்ணிக்கொண்டே போனால் பிளட்டிபஸ் வரைக்கும் சொந்தம்தான்.

ஆனால் எங்கள் வீடுகளில் எதிர்ப்பைவிட அதிகம் கேட்பது வேறொன்று: "இதெல்லாம் எங்கட ஆக்கள் எப்பவோ சொல்லிப்போட்டினம்." சைவ வீடென்றால் திருவாசகத்தின் சிவபுராணம் வரும். புல், பூண்டு, புழு, மரம் என்று பல பிறப்புகளையும் எடுத்து இளைத்தேன் என்று மாணிக்கவாசகர் பாடும் இடம். வைணவ வீடென்றால் தசாவதாரம்: மீன், ஆமை, பன்றி, பாதி சிங்கம், குள்ளன், பிறகு மனிதன்.

சிவபுராணம் எனக்கும் மனப்பாடம். கரம் டவுன்ஸ் கோயிலில் பாடினால் தொண்டை அடைக்கும். ஆனால் அது சொல்வது ஓர் உயிர், தனி ஒரு ஆன்மா, உடல் உடலாக மாறி இறைவனின் அடியைச் சேர ஏங்குவதை. அதற்கு ஒரு சேருமிடம் உண்டு. கூர்ப்பு தனி உயிரின் பயணம் அல்ல. ஒரு கூட்டத்தில் யார் அதிகம் பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகள் எதைக் கொண்டு பிறந்தார்கள் என்ற கணக்கு. அதற்குச் சேருமிடம் இல்லை. இரண்டையும் ஒன்று என்றால் டார்வினுக்கும் நட்டம், மாணிக்கவாசகருக்கு அதைவிட நட்டம். தசாவதாரத்தைக் கூர்ப்போடு சேர்த்து எழுதியவர்களில் முன்னோடி பிளவாட்ஸ்கி அம்மையார், 1877இல். அவர் சேர்ந்து தொடங்கிய பிரம்மஞான சபைதான் பிறகு சென்னை அடையாற்றில் தலைமையகம் அமைத்தது. டார்வின் எழுதி 18 வருடம் கழித்து. முதலே எங்களுக்குத் தெரியும் என்ற பெருமை, டார்வின் வந்த பிறகுதான் வந்தது.

மறுக்கிறவரோடு வாதாடலாம், ஆதாரம் காட்டலாம். "எங்களுக்கு முதலே தெரியும்" என்கிறவர் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். கணக்கெடுப்பில் அவரும் 'ஏற்கிறேன்' பக்கம்தான் விழுவார்.

புத்தகத்தைத் திறந்து காட்டிய தமிழர் ஒருவரை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்: ம. சிங்காரவேலர். 1860இல் சென்னையில் மீனவ குடும்பத்தில் பிறந்தவர், வழக்கறிஞர். 1923இல் இந்தியாவில் முதல் மே தினத்தை நடத்தியவர் என்றுதான் பலரும் சொல்வார்கள். 1930களில், எழுபது வயது தாண்டிய பிறகு, பெரியாரின் 'குடி அரசு' இதழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். அண்டம், உயிர், டார்வின் எல்லாவற்றையும் தமிழில், பல்கலைக்கழகத்துக்குப் போக வழியில்லாதவர்களுக்காக. பிறப்பால் உயர்வு தாழ்வு என்று சாத்திரம் சொல்கிற ஊரில், எல்லோருக்கும் ஒரே மூதாதை என்பது வெறும் உயிரியல் பாடம் அல்ல. மெல்பேர்னில் ஏணியாகப் பயன்பட்ட அதே கருத்தைச் சென்னையில் சிலர் ஏணியை உடைக்க எடுத்தார்கள்.

அந்த இந்தியாவில்தான் 2018 ஜனவரியில், மத்திய கல்வி இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை எங்கள் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, டார்வின் கொள்கை பிழை, பாடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் சேர்ந்து மறுத்து அறிக்கை விட்டன. அவரோடு வாதாடுவது எளிது, ஊரே சிரித்தது. 2023இல் நடந்தது சத்தமில்லாதது. மத்திய பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலில் 'பரம்பரையும் பரிணாமமும்' என்ற பாடம் வெறும் 'பரம்பரை' ஆகியது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவர்களுக்கு அந்தப் பாடம் இருக்கிறது. ஆனால் பத்தோடு உயிரியலை விடுகிற பிள்ளைகள்தான் அதிகம், அவர்கள்தான் நாளைய 'பொதுசனம்'.

இங்கே நாங்கள் ஆறு முடக்கங்களில் 262 நாள் வீட்டுக்குள் இருந்தோம். அந்த வருடங்களில் ஸ்பிரிங்வேலில் மீன் கடை வரிசையில் நின்ற எல்லோருக்கும் டெல்டா, ஒமிக்ரோன் என்று வாயில் வந்தது. வேகமாகப் பரவும் வகை மற்றதை ஓரங்கட்டுகிறது என்பதைத் தொலைக்காட்சி இரவு இரவாகப் படம் போட்டுக் காட்டியது. இயற்கைத் தேர்வு, எங்கள் கண்முன்னே, மாதக் கணக்கில். யாரும் அதைக் கூர்ப்பு என்று சொல்லவில்லை, அதனால் யாரும் சண்டைக்கு வரவும் இல்லை. டார்வின் என்றால் ஒரு தடுப்பு முகாம் இருந்த ஊர் என்று மட்டும் தெரிந்த என் அம்மம்மா, இரண்டாவது ஊசி போட்டு வந்த அன்று செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"இது வேற கிருமியோ, இல்லாட்டி அந்தப் பழசின்ர பிள்ளையோ?"